ஊழியர் வாசலின் முதல் ஆள்

என் பெரியம்மாவைப் பிடிக்கும் என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "பிடிக்குதா பிடிக்கலையான்னு உக்காந்து யோசிக்க அவ எங்க விட்டாம்மா" என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் ஏறியவர்கள் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் மேலே எரியும் எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். பெரியம்மா முன்னால் நிற்பவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

விமான நிலையத்தில் பெரியம்மாவுக்கு வைத்திருக்கும் பெயர் 'கழட்டு'. ஷூவைக் கழட்டுங்க, பெல்ட்டைக் கழட்டுங்க, கோட்டைக் கழட்டுங்க என்று ஷிப்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பதால் வந்தது.

"இன்னைக்கு வாசல்ல யாரு?"

"கழட்டு."

"போச்சு போ."

ஓய்வறையில் இதைக் கேட்காத நாள் கிடையாது. சொல்கிறவர்களுக்கு நான் அவர் தங்கை மகள் என்பது தெரியும். தெரிந்தேதான் சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

பயணிகள் பார்க்காத ஒரு வாசல் விமான நிலையத்தின் பின்பக்கம் இருக்கிறது. சரக்கு இறக்கும் மேடையை ஒட்டி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு குறுகலான நடை. விமானம் ஓட்டுகிறவர், உள்ளே உணவு கொடுக்கிறவர், கழிவறை கழுவுகிறவர், கடைகளில் வாசனைத் திரவியம் விற்கிறவர், பெட்டி ஏற்றுகிறவர், எல்லோரும் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பைகளுக்கு ஒரு எக்ஸ்ரே மெஷின். ஆட்களுக்கு ஒரு டிடெக்டர் வாசல், உலோகம் இருந்தால் கூவும். பக்கத்தில், தள்ளுவண்டிகள் போக இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்னக் கம்பிக்கதவு. பெரியம்மா எக்ஸ்ரே திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார். பெண்களைத் தடவிப் பார்ப்பதும் அவர்தான். ஆண்களைப் பார்க்க இன்னொருவர் உண்டு. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பதால் அவருக்குப் 'பல்லு' என்று பெயர். பல்லு சிரித்தே பாதிப் பேரை விட்டுவிடுவார். மீதிப் பாதியைப் பெரியம்மா நிறுத்துவார்.

நான் ஒரு விமானக் கம்பெனியின் கவுன்ட்டரில் நிற்கிறேன். பெட்டியை எடை போட்டு, சீட்டு ஒட்டி, பெல்ட்டில் தள்ளிவிடும் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். படித்ததற்கும் பெட்டி தள்ளுவதற்கும் என்ன தொடர்பு என்று என் அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வேலை கிடைத்ததும் பெரியம்மா வீட்டில் வந்து தங்கினேன். விமான நிலைய பஸ் அந்த வீட்டு முனையில் நிற்கும் என்பது ஒன்றுதான் காரணம்.

சேர்ந்த முதல் நாளே எனக்குச் சட்டம் சொல்லப்பட்டது.

"வாசல்ல பெரியம்மான்னு கூப்பிடக்கூடாது."

"பின்ன என்னன்னு கூப்பிடறது?"

"மேடம்னு."

"நீங்க என்னை?"

"மிஸ்."

சொன்னபடியே நடந்தது. ஒரே பஸ்ஸில் வருவோம், இறங்கியதும் அவர் முன்னால் வேகமாக நடப்பார். நான் போய்ச் சேரும்போது முன்பின் தெரியாதவர் மாதிரி என் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

இரண்டு விமானப் பணிப்பெண்கள் பின்னால் நிற்க, ஒருநாள் என் பையைக் கவிழ்த்தார். சீப்பு, மாத்திரை, மாதவிலக்கு நாப்கின், பாதி கடித்த பிஸ்கட் என்று ஒவ்வொன்றாக எடுத்து ட்ரேயில் வைத்தார். கடைசியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கத்தரி.

"இது என்ன?"

"புருவம் வெட்டற கத்தரி, மேடம்."

"அது தெரியுது. ஏன் உள்ள போகுது?"

"மறந்து வந்துடுச்சு."

"கத்தரியா நடந்து வந்துச்சு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கத்தரி குப்பைத் தொட்டிக்குப் போனது. அன்று மாலை வீட்டில் சண்டை போட்டேன்.

"காலைல அந்தப் பையை உங்க கண்ணு முன்னாடிதானே அடுக்கினேன்?"

"நான் பாக்கல."

"எதிர்லதான் உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தீங்க."

"டீயைத்தான் பாத்தேன். வீட்டுல எனக்கு மெஷின் இல்ல."

பெரியப்பா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

விமான ஊழியர்களைச் சோதிக்க வேண்டுமா என்ற கேள்வி எங்கள் வாசலில் எப்போதும் புகைந்துகொண்டுதான் இருந்தது. அந்த வருடம் அது எரிய ஆரம்பித்தது. ஓட்டுகிறவர்களுக்கும் கேபின் ஊழியர்களுக்கும் விலக்கு வேண்டும் என்று அவர்கள் சங்கம் நிர்வாகத்திடம் கேட்டிருந்தது. பாஸைக் காட்டிவிட்டு நேராக உள்ளே போக வேண்டும். நான் முழுமனதாக அவர்கள் பக்கம். விமானத்தையே ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவரிடம் நகவெட்டி இருக்கிறதா என்று தேடுவதில் என்ன அறிவு இருக்கிறது என்பது என் வாதம். வேலைக்கு எடுக்கும்போதே காவல்துறை விசாரித்துத்தான் எடுக்கிறார்கள். அதற்கு மேல் தினமும் கையை விரித்து நிற்கவைப்பது சோதனை இல்லை, அவமானம். கல்லூரியில் பேச்சுப்போட்டிகளில் பேசியவள் என்பதால் இதை எல்லாம் வீட்டில் நன்றாகவே அடுக்கினேன்.

பெரியம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டறவருக்குக் கத்தி தேவையில்ல. சரி. ராத்திரி அவர் தங்கின ஹோட்டல்ல அவர் பையை யார் யார் தொட்டாங்க? அவருக்கே தெரியுமா?"

"அப்ப பையை மட்டும் பாருங்க. ஆளை விட்டுடுங்க."

"ஆளு பாக்கெட் வெச்ச சட்டை போடறதில்லையா?"

"அவர் பிள்ளையைப் பிடிச்சு வெச்சு யாராவது மிரட்டினா கூடத்தான் அவர் எதை வேணா செய்வார். அதை உங்க மெஷின் காட்டுமா?"

"காட்டாது. கொண்டு போறதைக் காட்டும்."

"அதாவது எங்க யாரையுமே நம்ப மாட்டீங்க."

"நம்பறதுக்கு எனக்குச் சம்பளம் தரல."

"எனக்கும் அதே நிலைமைதான்மா" என்றார் பெரியப்பா, பத்திரிகைக்குப் பின்னாலிருந்து. "சம்பளம் மட்டும்தான் இல்ல."

பெரியம்மா பக்கமும் ஏதோ நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் சொல்லும் விதத்தைக் கேட்டால், சரியான விஷயத்தின் மீதும் வெறுப்பு வந்துவிடும்.

இவர் ஏன் இப்படி என்று யோசித்தபோது ஒரு விடை கிடைத்த மாதிரி இருந்தது. பெரியம்மா இளம் வயதில் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப்பெண். பகல் முழுக்க நின்றுகொண்டே துணி எடுத்துப் போட வேண்டும், உட்கார்ந்தால் திட்டு. கடை மூடியதும் பெண்கள் எல்லோரும் பின்வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஒரு காவல்காரி ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து, டிபன் டப்பாவைத் திறந்து பார்த்து அனுப்புவாள். அத்தனை வருடமும் அப்படி வெளியே வந்தவர்தான் இப்போது மற்றவர்களைத் தடவுகிறார். பழி தீர்க்கிறார் என்று முடிவு கட்டினேன். அதை அவரிடமே சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ.

அவர் கோபப்படவில்லை, அது ஆச்சரியம். "தடவினதுக்கு எனக்குக் கோவம் இல்ல" என்றார். "முதலாளி சம்சாரம் முன்வாசல் வழியா ரெண்டு கையிலயும் பையோட போகும். கணக்குப்பிள்ளை போவான். மேனேஜர் போவான். அந்தக் காவல்காரி அவங்களுக்கு எந்திரிச்சு நிப்பா. எங்களைத் தடவ மறுபடி உக்காருவா. கடைசில துணி திருடினது யாரு தெரியுமா? மேனேஜர். வருஷக்கணக்கா எடுத்திருக்கான்."

"அது எப்படித் தெரிஞ்சுது?"

"அவன் தம்பி பக்கத்துத் தெருவுல கடை வெச்சான். எங்க கடை அட்டைப்பெட்டியோடவே."

பெரியப்பா சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. ஒருவர் தப்பக்கூடாது என்பதில் அவர் அங்கேதான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். ஆனால் பிடிவாதத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அதனோடு வாழ்வது சுலபமாகிவிடும் என்று நினைத்தது என் படிப்பின் தவறு. மறுநாளே என் தண்ணீர் பாட்டிலைக் கொட்டச் சொன்னார்.

வாசலைத் திறப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மெஷின்களின் சுவிட்ச் உள்ளே இருக்கிறது. அதைப் போட யாராவது ஒருவர் சோதனை இல்லாமல் உள்ளே போயே ஆக வேண்டும். அதனால் காலை ஷிப்ட்டின் முதல் ஆள் கம்பிக்கதவைத் திறந்து உள்ளே போய் சுவிட்சைப் போடுவார்; மெஷின் தயாரானதும் திரும்ப வெளியே வந்து, தன் பையை பெல்ட்டில் வைத்து, எல்லோரையும் போல டிடெக்டர் வாசல் வழியாக மறுபடி உள்ளே போவார். இதுதான் விதி. மற்ற ஷிப்ட்காரர்கள் யாரும் இதைச் செய்வதில்லை. உள்ளே போனவர் ஏன் வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும் என்று சிரிப்பார்கள். பெரியம்மா மட்டும் தினமும் போய் வருவார். "உலகத்துல தன்னையே சந்தேகப்படற ஒரே பொம்பளை எங்க அக்காதான்" என்பார் பல்லு.

அந்த நாள் மூடுபனி. முதல்நாள் கிளம்ப வேண்டிய விமானங்கள் எல்லாம் காலைக்குத் தள்ளிப்போயிருந்தன. வாசல் திறக்கும் முன்பே நடை முழுக்க ஆட்கள். பெரியம்மாவோடு பஸ்ஸில் வந்ததால் வரிசையில் நான்தான் முதல். எனக்குப் பின்னால் எங்கள் கம்பெனியின் மூத்த கேப்டன். உயரமான மனிதர், சட்டையில் மடிப்பு கலையாமல் எப்படி வைத்திருக்கிறார் என்று எல்லோரும் வியப்பார்கள்.

பெரியம்மா கம்பிக்கதவு வழியாக உள்ளே போனார். கையில் இருந்த பையை நாற்காலிக்கு அடியில் வைத்தார். சுவிட்சைப் போட்டார். திரையில் வெளிச்சம் வர நேரம் பிடித்தது. கேப்டன் விரலில் இருந்த மோதிரத்தால் தடுப்புக் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மா, உள்ள என்ன, கல்யாண ஏற்பாடா நடக்குது?"

பின்னால் சிரிப்பு. மறுபடி தட்டினார். நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். யாரோ "கழட்டு, கழட்டு" என்று மெதுவாகத் தாளம் போட்டார்கள். பெரியம்மா கூட்டத்தைப் பார்த்தார். கம்பிக்கதவைப் பார்த்தார். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க மிஸ்."

அவர் வெளியே வந்து போகவில்லை. அவர் பை மெஷினில் போகவில்லை. நான் பார்த்தேன். என் பையை பெல்ட்டில் வைத்து, என் கையை விரித்து, என் கவுன்ட்டரைத் திறக்கப் போகும் அவசரத்தில் இருந்தேன். எதுவும் சொல்லவில்லை.

உள்ளே என் இடுப்பு பெல்ட்டை மறுபடி கட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் டிடெக்டர் கூவியது.

"ஷூவைக் கழட்டுங்க, சார்" என்றார் பெரியம்மா.

"ஷூவுல ஒண்ணும் இல்ல."

"அப்ப கழட்டறதுல கஷ்டம் இல்ல."

பல்லு சிரித்துக்கொண்டே, "அக்கா, சார் தினமும் வர்றவர்தானே" என்றார்.

"தினமும் கழட்டறவர்தான். இன்னைக்கும் கழட்டட்டும்."

கேப்டன் குரலை உயர்த்தவில்லை. "நான் ஓட்டலன்னா இன்னைக்கு அந்த விமானம் போகாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஷூ."

அவர் திரும்பி, வந்த வழியே வெளியே போய் ஊழியர் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். வேறு ஒருவரை வீட்டிலிருந்து வரவழைத்து விமானத்தைக் கிளப்பும்போது பகல் ஏறிவிட்டது. அத்தனை பயணிகளின் வசவையும் கவுன்ட்டரில் நின்று வாங்கியது நான்.

புகார் போயிற்று. பெரியம்மாவை வாசலிலிருந்தே நீக்க வேண்டும் என்றது எங்கள் கம்பெனி. கூடவே விலக்குக் கோரிக்கையையும் அதே விசாரணையில் சேர்த்துவிட்டார்கள். கழட்டு தொலைந்தது என்று ஓய்வறையில் எல்லோருக்கும் கொண்டாட்டம். எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க உன் சொந்தம்னு தெரியும். அதனாலதான் நீ சொன்னா எடுபடும்."

"என்ன சொல்லணும் சார்?"

"கேப்டனைக் கையைப் பிடிச்சுத் தள்ளினாங்கன்னு."

"தள்ளல சார். நாற்காலியை விட்டே எந்திரிக்கல."

"கத்தினாங்க இல்ல?"

"அவங்க சாதாரணமா பேசறதே அப்படித்தான் சார்."

அவர் பேனாவை மூடினார். "சரிம்மா. பொய் வேண்டாம். பாத்ததை மட்டும் சொல்லு. உன் வேலையை நிரந்தரம் பண்றதும் இந்த மாசம்தானே வருது?"

பார்த்ததை மட்டும் சொல் என்கிறார். நான் பார்த்தது என்ன என்பது அவருக்குத் தெரியாது.

அன்று சாப்பிடும்போது பெரியம்மா, "நாளைக்கு நீயும் வர்றியாமே" என்றார்.

"ஆமா."

"எனக்காகப் பேசாத."

"உங்களுக்காகப் பேசறேன்னு யாரு சொன்னா?"

"நல்லது."

"ரெண்டு பேரும் இவ்வளவு பாசமா பேசிக்கறதைப் பாக்க கண்ணு கலங்குது" என்றார் பெரியப்பா.

விசாரணை நடந்த அறையில் ஏ.சி. ஒழுகிக்கொண்டிருந்தது; அடியில் ஒரு பக்கெட். நீள மேஜையின் ஒரு தலையில் பாதுகாப்பு அதிகாரி. வயதான பெண்மணி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்துப் பேசுவார். ஒரு பக்கம் மேனேஜரும் கேப்டனும். எதிர்ப்பக்கம் பெரியம்மாவும் பல்லுவும். நான் எந்தப் பக்கமும் இல்லாமல் கதவோரம். கேமரா படத்தை ஓட்டினார்கள். அது டிடெக்டர் வாசலை மட்டும்தான் பார்க்கும். கேப்டன் வருகிறார், நிற்கிறார், திரும்பிப் போகிறார். சத்தமில்லாமல் பார்க்கும்போது பெரியம்மா பக்கம்தான் நியாயம் இருந்தது. கேப்டனுக்கே அது தெரிந்தது.

அதிகாரி முடிக்கப் போகும் தொனியில் என்னிடம் திரும்பினார். "நீதானே அன்னைக்கு முதல் ஆள்? உனக்குத் தெரிஞ்சு அன்னைக்குக் காலைல எல்லாரையும் ஒழுங்கா சோதிச்சுத்தான் விட்டாங்களா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. பெரியம்மா வாசலில் இருப்பார், விலக்கு கிடைக்காது. இல்லை என்று சொன்னால் அவர் போவார், என் வேலை நிரந்தரமாகும். இப்படி இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும்போது உண்மையைச் சொல்வது என்பது யாருக்காகச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. என் நாப்கினை ட்ரேயில் வைத்த கையும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒருத்தரைத் தவிர" என்றேன்.

"யாரு?"

"மேடம்."

பல்லுவின் சிரிப்பு நின்றது. அவர் வாயை மூடி நான் பார்த்தது அப்போதுதான்.

அதிகாரி பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. "ஆமா. சுவிட்ச் போட உள்ள போனேன். வெளிய வந்து போகல. பையும் போகல" என்றார்.

"ஏன்?"

"கூட்டம். கண்ணாடியைத் தட்டினாங்க."

கேப்டன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அப்ப நான் தட்டினதுதான் தப்பா?"

"தட்டினது தப்பில்ல சார். நான் அதைக் கேட்டேன் பாருங்க, அதுதான் தப்பு."

மேனேஜர் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். "மேடம், இதைத்தான் நாங்க சொல்றோம். சோதிக்கறவங்களே சோதனை இல்லாம போறாங்க. அப்புறம் எங்க ஆளுங்களுக்கு மட்டும் எதுக்கு? அர்த்தமே இல்லாத வேலை."

"அர்த்தம் இல்லாமலா?" பெரியம்மா முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "இங்க இருக்கறவங்கள்ல யாரு மேல சந்தேகம் வரும்னு கேட்டிருந்தா என் பேரை யாராவது சொல்லியிருப்பீங்களா? போனது நான்தானே? என்னை விட்டது தப்புன்னா, உங்களை மட்டும் எப்படி விடறது?"

"பெரியம்மா, போதும்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"மிஸ், உங்களைக் கேட்கல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியம்மாவின் பாஸை அங்கேயே வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். மறுபயிற்சி முடித்து, தேர்வு எழுதித் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும். கேப்டன் விஷயத்தை அவர் கம்பெனிக்கே எழுதுவதாகச் சொன்னார். அப்படியென்றால் ஒன்றும் நடக்காது என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். கேப்டன் அன்று மாலையே விமானம் ஓட்டினார்.

"விலக்கு?" என்றார் மேனேஜர்.

"நீங்க விலக்கு கேட்டு வந்தீங்க. இந்த வாசல்ல இதுவரைக்கும் ஒரே ஒரு விலக்குதான் இருந்திருக்கு போல. முதல்ல திறக்கறவங்களுக்கு. அதையும் எடுத்துடறேன். இனிமே திறக்கறவங்களை இன்னொருத்தர் கையால சோதிக்கணும். அது முடியாம வரிசை நகரக்கூடாது."

வெளியே வந்ததும் மேனேஜர் என் தோளைத் தட்டினார். "நல்லா பேசினே." அந்தத் தட்டலைத் துடைத்துப் போட முடிந்தால் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவர் முன் சீட்டில், நான் பின்னால். வீட்டுக்குள் நுழைந்து செருப்பை விட்டோம். கதவு சாத்தியதும் ஆரம்பித்தார்.

"பாத்தே இல்ல?"

"பாத்தேன். கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சொன்னதை யாருடி கேட்டா? அன்னைக்கே ஏன் சொல்லல?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன?"

"ஒருத்தி சோதனை இல்லாம உள்ள உக்காந்திருக்கா. நீ பாத்துட்டே. பாத்துட்டு உன் பையை எடுத்துக்கிட்டு போயிட்டே. 'மேடம், வெளிய போய் வாங்க'ன்னு சொல்றதுக்கு வாய் இல்ல? அதிகாரி கூப்பிட்டுக் கேக்கற வரைக்கும் வெச்சுக்கிட்டு இருந்தியா?"

"அப்ப சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். கத்திட்டு வெளிய போய் வந்திருப்பேன்."

"எல்லாரும் தாளம் போட்டுட்டு நிக்கறாங்க. அதுல நானும் உங்களை மானங்கெடுக்கணுமா?"

"கெடுத்திருக்கணும். படிச்சவதானே? ரெண்டு பக்கமும் நல்லா பேசறியே. ஒரு வரி பேசியிருக்கலாம்."

"நீங்க செஞ்ச தப்புக்கு என்னைத் திட்டறீங்க."

"என் தப்புக்குத்தான் பாஸ் போயிடுச்சே. இது உன்னுது."

பெரியப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் டீயை வைத்துவிட்டு, "நான் மாடிப்படில போய் நிக்கறேன், முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று போனார். யாரும் கூப்பிடவில்லை.

பயிற்சி வகுப்புக்கு அவர் தினமும் போனார். அவரோடு படித்த இளசுகள் வாத்தியாரை விட அவருக்குப் பயந்ததாகப் பல்லு சொன்னார். அந்த நாட்களில் வாசலில் வேறொரு பெண். பாஸைக் கூடப் பார்க்காமல் "குட் மார்னிங்" சொல்லுவாள். வரிசை ஓடியது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், நானும்தான். ஆனாலும் உள்ளே போய்க் கவுன்ட்டரில் நிற்கும்போது, இன்று எனக்கு முன்னால் யார் யார் எதையெதைக் கொண்டுபோனார்களோ என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்தது. அது பெரியம்மாவின் எண்ணம். என்னைக் கேட்காமல் வந்தது; எரிச்சலாக இருந்தது. என் வேலை நிரந்தரமானதும் அந்த வீட்டை விட்டு வந்து, கூட வேலை பார்க்கும் பெண்களோடு ஓர் அறை எடுத்துக்கொண்டேன். பெரியப்பா பெட்டியைத் தூக்கி வந்தார். பெரியம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தேர்வில் தேறி அவர் திரும்பி வந்த முதல் காலையில் நான் சீக்கிரமே போயிருந்தேன். வேண்டுமென்று போகவில்லை, பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. மறுபடி வரிசையில் நான்தான் முதல், எனக்கு அடுத்து கேப்டன், பின்னால் நீண்ட வரிசை. பெரியம்மா கம்பிக்கதவு வழியாக உள்ளே போனார், சுவிட்சைப் போட்டார், வெளியே வந்தார். பையை பெல்ட்டில் வைத்தார். டிடெக்டர் வாசலைக் கடந்து, தடவிப் பார்க்கப்படுபவர் நிற்கும் ரப்பர் பாயின் மீது ஏறி, இரண்டு கையையும் விரித்து நின்றார். அவரைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும். பயணிகள் பக்கத்து வாசலிலிருந்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். யாரும் வரவில்லை.

பெரியம்மா அசையவில்லை. வரிசையும் அசையவில்லை.

"கையையாவது இறக்குங்கக்கா, அவங்க வரட்டும்" என்றார் பல்லு.

"வந்ததும் மறுபடி தூக்கணும்."

பின்னால் முணுமுணுப்பு வசவாக மாறியது. "கழட்டு இப்ப தன்னையே கழட்டுதுடா" என்றது ஒரு குரல். என் கவுன்ட்டரில் இந்நேரம் பயணிகள் சேர்ந்திருப்பார்கள். எனக்கும் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரிசையிலிருந்து விலகி, கம்பிக்கதவின் கொக்கியில் கையை வைத்தார். பல்லு பார்த்துவிட்டுச் சிரித்தார். பெரியம்மாவுக்கு முதுகுப்பக்கம் நடந்தது அது. கொக்கி தூக்கப்பட்டது.

நான் இரண்டெட்டில் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். "சார், அந்த வழியா போகக்கூடாது."

"நீ எங்க கம்பெனிதானே?"

"ஆமா சார்."

"உன் மேனேஜர்கிட்ட பேசிக்கறேன்."

"பேசுங்க சார். கதவை விடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் யாரோ, "ரத்தம் பேசுதுப்பா" என்றார்கள். கேப்டன் கொக்கியை விட்டுவிட்டு தன் இடத்துக்கே போய் நின்றார். ஓடிவந்ததில் மூச்சு வாங்க, கையில் உலோகம் தேடும் மட்டையோடு ஒரு பெண் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். பெரியம்மாவின் கைகளுக்கு அடியிலும் முதுகிலும் கால்களிலும் மட்டையை ஓட்டி, "சரிக்கா" என்றாள். பெரியம்மா கைகளை இறக்கினார். தோளை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையைப் பார்த்தார். நான் கதவை விட்டு, கேப்டனுக்கு முன்னால் என் இடத்தில் நுழையப் போனேன்.

"மிஸ்."

"சொல்லுங்க மேடம்."

"வரிசையை விட்டு வெளிய வந்தீங்க இல்ல?"

"கதவைப் பிடிக்கத்தானே வந்தேன்."

"நான் திரும்பிப் பாக்கும்போது அவர் வரிசையில இருந்தார். நீங்க கதவுகிட்ட நின்னீங்க. இடையில யார் கையில என்ன வாங்கினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? பின்னாடி போங்க."

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு. பெரியம்மா அதற்குள் திரைப்பக்கம் திரும்பிவிட்டார்.

"அடுத்து. ஷூவைக் கழட்டுங்க, சார்."

கேப்டன் குனிந்து கழற்றினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தேன்.